வில்லியனூரிலிருந்து வந்த அலைச் செய்தி

அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுவோர் படகின் முன்முனையில் சிறிய மின்மோட்டார் ஒன்றைப் பொருத்திக்கொள்வதுண்டு. பேட்டரியில் ஓடுவது, இரைச்சல் இல்லாதது, மீனை மிரளச் செய்யாதது. வடக்கு டக்கோட்டாவின் ஃபார்கோ நகரில் 1934இல் இதன் முன்னோடி ஒன்று உருவானது. இன்றைய மோட்டார்களினுள் ஜி.பி.எஸ். இருக்கிறது, கையில் கம்பியில்லாக் கருவி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து, நங்கூரம் இல்லாமலேயே படகு அந்தப் புள்ளியில் நின்றுவிடும்.

புதுச்சேரிக் கடற்கரையில் இத்தகைய மோட்டாரை நாம் கண்டதில்லை. முறியும் அலைகளுக்கு ஊடே மணலிலிருந்து நேரே தள்ளிச்செல்லப்படும் படகுகளுக்கு அது ஒத்துவரக்கூடியதும் அன்று. ஆனால் அது தீர்க்க முயலும் சிக்கல் இங்கே மிகப் பழையது. அடையாளம் ஏதுமற்ற நீர்வெளியில் ஒரு புள்ளியை அறிவது எப்படி? மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வருவது எப்படி? இக்கேள்விகளின் வரலாற்றில் கடலே இல்லாத வில்லியனூருக்கும் ஓர் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாகூர் கொம்யூனின் கிழக்கு விளிம்பில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. இக்கடற்கரையின் மரம் கட்டும் தொழில் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்கள் இக்கரையில் ஓடியதைக் குறிக்கிறது. 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயணநூல் கட்டுமரத்தை ஆங்கில வாசகர்க்கு விவரித்தது. இவர்கள் எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். மரத்தில் சென்றவன் கடலில் எவ்வாறு இடம் கண்டான் என்பதை அவர்கள் அதிகம் கவனிக்கவில்லை.

கடலடியில் பாறைத்திட்டு உள்ள இடத்தைப் பார் என்பர். மீன் அங்கேதான் கூடும். கரையில் ஒரு பனையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் ஒரு கோடு கிடைத்தது. வேறொரு திசையில் இன்னொரு சோடி அடையாளங்கள் பொருந்தினால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடமே பார். ஏட்டில் எழுதாத வடிவியல் இது. கண்டறிந்த பாரைப் பிறருக்குச் சொல்வதில்லை. மகனுக்கு மட்டும் சொல்வார்கள். இரவில் துணைக்கு விண்மீன்களும், 1836 முதல் புதுச்சேரியின் கலங்கரை விளக்கமும் இருந்தன.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவரின் கண் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், 10 மீட்டர் உயரப் பனையை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரைதான் அவர் காண முடியும். அதன்பின் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். பாயும் துடுப்பும் மட்டுமே இருந்தவரை இந்த எல்லை பெரிதும் போதுமானதாக இருந்தது. 1980களிலிருந்து இயந்திரங்கள் பரவின; கட்டுமரங்களில் புறப்பொருத்து மோட்டார், பின்னர் நீண்ட தண்டு கொண்ட ‘லாங் டெயில்’ டீசல் இயந்திரம். படகுகள் பனைகளைத் தாண்டிச் சென்றன. கரை கண்ணுக்கு மறைந்ததும் தந்தை சொன்ன கோடுகளும் மறைந்தன. ஜி.பி.எஸ். பழைய அறிவை விரட்டியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எங்கள் கருத்தில், இயந்திரமே முதலில் அதை விரட்டியது; கருவி பின்னால் வந்து வெற்றிடத்தை நிரப்பியது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியுடன், புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மைய அலுவலகம் வில்லியனூரில் இருந்தது. தொலைபேசி இணைப்பு நம்பத்தகாததாக இருந்தமையால் வானொலி அலைவழியே செய்திகள் கிராமங்களுக்குச் சென்றன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள். எம்பலம் போன்ற உழவர் கிராமங்களுக்கு விலைவாசியும் அரசுத் திட்டங்களும் சென்றன. ‘நம்ம ஊரு செய்தி’ என்றோர் இதழும் வந்தது. அரிக்கமேட்டை அடுத்துள்ள வீராம்பட்டினத்துக்குச் சென்றது அலையின் உயரம்.

அந்தத் தகவல் வந்த வழி வியப்புக்குரியது. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து இணையத்தில் வெளியிட்ட வங்கக்கடல் அலை முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, வானொலி வழியாக அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி அதைக் கரையெங்கும் அறிவித்தது. போர்க்கப்பலுக்கான கணிப்பு, கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க உதவியது.

ஜி.பி.எஸ்.ஸும் அதே இராணுவத்தின் பிள்ளைதான். 1995இல் முழுமையாக இயங்கத் தொடங்கியபோதும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறும். சிறிய பாரைத் தேடுபவனுக்கு அது பயன்படாது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். அதன் பின்னரே கைக்குள் அடங்கும் கருவி மீனவர்க்கு மெய்யான துணை ஆயிற்று. பாரின் மேல் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் எண்கள் பதிவாகிவிடும். பனையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். வாங்கிய அன்றே இளைஞன் ஒருவன் மூத்தவரைப்போல் திரும்பிச் செல்லலாம். ஆனால் முதன்முதலில் அந்தப் பாரைக் கண்டுபிடிக்க மூத்தவர் வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில், வீராம்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள நல்லவாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைக்காட்சியில் கண்டு எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊரை வெளியேறச் சொன்னது. சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின. அலை உயரம் கேட்டுப் பழகிய காதுகள் அந்தக் குரலை நம்பின. முதல்நாள் பொருத்திய ஒலிபெருக்கியை ஊர் நம்பியிருக்குமா என்பது ஐயமே. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன; மரக்கட்டுமரங்கள் வேகமாக மறைந்தன.

கரையில் இருப்போரை ஒலிபெருக்கி எட்டும். கடலில் இருப்போரை எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இதைக் கொடூரமாக மெய்ப்பித்தது. கைப்பேசி எட்டாத் தொலைவில் இருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தாம் நிற்கும் இடத்தின் எண்களை ஜி.பி.எஸ். காட்டியிருக்கும், வந்துகொண்டிருந்த புயலைப் பற்றி அது ஏதும் சொல்லாது. 2019இல் வந்த ஜெமினி என்னும் கருவி செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையையும் மீன்வள இடங்களையும் பெற்று, கம்பியில்லாமல் கைப்பேசிக்கு அனுப்பியது. ஆனால் அது கேட்கும், பேசாது. ஆபத்தில் இருப்பவன் அதன்வழி ஒரு சொல்லும் அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம், ஒரு இலட்சம் படகுகளில் இருவழிச் செய்திக் கருவி பொருத்துவதை இலக்காகக் கொண்டது. இக்கருவி படகு நிற்கும் இடத்தைக் கரையிலுள்ள அலுவலகத்துக்கும் காட்டும். பாரின் இடத்தை அண்டை வீட்டாருக்கும் சொல்லாதவர்கள் இதை உவப்புடன் ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. உயிர்ப்பாதுகாப்பை எண்ணி ஏற்கக்கூடும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்றொரு துண்டான காரைக்காலில் நிலைமை வேறு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக்கோடு நீரில் தெரிவதில்லை. கருவியில் மட்டுமே தெரிகிறது. அதன் அருகே தொழில் செய்வோர் தாக்கப்படும்போது பறிபோகும் பொருள்களாக மீன், வலை, இயந்திரம் ஆகியவற்றோடு ஜி.பி.எஸ்.ஸையும் நாளிதழ்கள் குறிப்பிடுகின்றன. இழந்த கருவிக்கு ஒரு விலை உண்டு. அதனுள் ஆண்டாண்டாய்ச் சேர்த்து வைத்திருந்த பார்களின் எண்களும் அதனோடு போய்விடுகின்றன.