டென்னிஸ் எல்போ: ஷாக்வேவ் சிகிச்சை வலியைப் போக்குமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

டென்னிஸ் எல்போ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சச்சின்தான். 2004-ல் தொடங்கிய முழங்கைப் பிரச்னைக்காக 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆனா, இந்த வலி வர நீங்க மட்டையைத் தொட்டிருக்கவே வேண்டாம். துணி பிழிவது, ஸ்குரூ முடுக்குவது என மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப இயக்கும் வேலை போதும். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டியிருக்கும் தசைநாண் நைந்துபோகிறது.

மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் மாதக்கணக்கில் வலி தீராதவர்களுக்கு ஷாக்வேவ் பரிந்துரைக்கப்படுகிறது. பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம், இதில் கரண்ட் ஷாக் கிடையாது. தோல் வழியாகச் செலுத்தப்படும் அழுத்த அலைகள்தான். 1980-ல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்படுத்திய நுட்பத்திலிருந்து வந்தது. இந்த அலைகள் தசைநாணில் ரத்த ஓட்டத்தையும் திசு சீரமைப்பையும் தூண்டும் என்பது கணிப்பு.

சரி, வேலை செய்யுதா?

ஜெர்மனியில் 272 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2002-ல் வெளியாகின. ஒரு குழுவுக்கு நிஜ சிகிச்சை, இன்னொரு குழுவுக்குப் போலி சிகிச்சை. 12 வாரங்களுக்குப் பிறகு பலன் கண்டவர்கள் முறையே 25.8%, 25.4%. அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால், 114 பேரிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வலி பாதியாகவாவது குறைந்தவர்கள் 61%; போலி சிகிச்சையில் 29%. ஜெர்மனியில் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு அலை செலுத்தினார்கள், அமெரிக்காவில் ஊசி போடவில்லை. இந்த முரணுக்கு அது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

போலி சிகிச்சையுடன் ஒப்பிட்ட 9 ஆய்வுகளை (1,006 பேர்) அலசிய 2005 காக்ரேன் அறிக்கை, பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்றது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பும் 2009-ல், பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, பலனுக்கான ஆதாரம்தான் சீராக இல்லை என்றது.

என் பார்வையில் முக்கியமான தகவல் ஜெர்மன் ஆய்விலேயே இருக்கிறது. ஓராண்டு கழித்து இரு குழுவிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தேறியிருந்தார்கள். இந்த வலி பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதனால, 'எனக்கு ஷாக்வேவ்ல சரியாயிடுச்சு' என்று ஒருவர் சொல்வதை வைத்து மட்டும் பணம் கட்டிவிட வேண்டாம்.

எடுப்பதாக முடிவு செய்தால், மொத்தம் எத்தனை சிட்டிங், குவிய அலையா, பரவும் அலையா என்று முன்பே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கருவிகள். தோல் சிவத்தல், சில நாள் வலி, ரத்தக்கட்டு வரலாம். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் கட்டி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.