லாகின்: கடலில் வீசிய ஒரு மரக்கட்டை

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு சொல்தான்: 'லாக் இன்'. ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்ததும் முதல்ல செய்ற வேலை. தமிழில் 'உள்நுழை' என்று போடுகிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. இந்தச் சொல்லின் வேர் நுழைவதில் இல்லை, எழுதி வைப்பதில் இருக்கு.

'லாக்' என்றால் மரக்கட்டை. கப்பல் என்ன வேகத்தில் போகுதுன்னு பார்க்க, கயிறு கட்டிய மரத்துண்டைப் பின்பக்கமாகக் கடலில் வீசுவார்கள். கட்டை கிட்டத்தட்ட விழுந்த இடத்திலேயே மிதக்கும். கப்பல் விலக விலக, கயிறு உருவிக்கிட்டே போகும். அதில் சம இடைவெளியில் முடிச்சுகள். அரை நிமிஷ மணல் கடிகாரம் தீருவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுதோ, அதுதான் வேகம். விமானத்துக்குக்கூட இன்னைக்கும் 'நாட்' கணக்கு சொல்றாங்களே, அந்த முடிச்சேதான். 1574-லேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த முறையை விவரித்திருக்கிறார்.

அந்தக் கணக்கைக் குறித்து வைத்த நோட்டு 'லாக் புக்'. நடுக்கடலில் எங்க இருக்கோம் என்பதைத் திசை, வேகம், நேரம் வைத்துத்தான் கணிக்கணும். கணிப்பு தப்பினால் உயிர் போகும். 1707-ல் ஒரு பிரிட்டிஷ் கடற்படை தான் இருக்கும் இடம் தெரியாமல் சில்லி தீவுப் பாறைகளில் மோதியது. 4 கப்பல்கள் போச்சு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

காலப்போக்கில் கட்டை போய், நோட்டின் பெயர் மட்டும் நின்றது. 'லாக்' என்றாலே 'பதிவு செய்' என்று ஆனது. 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துக்கிட்டாங்க. யார் எவ்வளவு நேரம் எடுத்தார்னு கணக்கு வேணுமே! அதற்கு வந்த கட்டளைதான் 'லாகின்'. முடிக்கும்போது 'லாகவுட்'. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுத்த நேரம் பத்தல. மனுஷன் 1962-ல் எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பையே பிரிண்ட் எடுத்துட்டார்!

(ஆங்கிலத்தில் வினையாக வந்தால் இரண்டு சொல், பெயராக வந்தால் ஒரே சொல். நாம 'பண்ணு' சேர்த்துடுறதால அந்தத் தொல்லை இல்லை.)

சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிகள் 'லாகின் ஹவர்ஸ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அவங்க எந்த அறைக்குள்ளயும் நுழையல, வெயில்ல ரோட்டோரம் நிக்கிறாங்க. ஆனா பதிவான நேரத்துக்குத்தான் இன்சென்டிவ். நடுவுல ஆப் தானா லாகவுட் ஆயிட்டா, அங்கேயே நின்னாலும் அந்த நேரம் கணக்குல வராது.