சுவா ஏரியின் பனிப் பதிவேடு

சுவா ஏரி, ஜப்பானின் நகானோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் உள்ள நன்னீர் ஏரி. பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடமே 7 மீட்டர் அளவுதான். தென்ரியு ஆறு இங்கிருந்து புறப்படுகிறது. இவ்வளவு சிறிய ஏரி காலநிலை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படக் காரணம், அது உறைந்த செய்தி 1443 முதல் எழுதிவைக்கப்பட்டு வருவதுதான்.

எழுதத் தூண்டியது பக்தி. ஏரியின் ஒரு பக்கத்தில் உள்ள மேல் ஆலயத்துத் தெய்வம் தாகேமினகதா, ஏரி இறுகியதும் எதிர்க்கரையில் கோயில் கொண்ட தம் தேவி யசகதோமேயைக் காணப் பனிமேல் நடந்து போகிறார் என்பது ஊரார் நம்பிக்கை. அவர் போன தடமே 'ஒமிவதாரி'. ஆழமில்லாத ஏரி என்பதால், கடுங்குளிர் சில நாள் நீடித்தாலே முழுவதும் உறைந்துவிடும். இரவுக் குளிரில் பனிக்கட்டி சுருங்கி விரிசல் விடும். விரிசலில் ஏறும் நீரும் உறையும். பகலில் பனிக்கட்டி விரியும்போது இடம் போதாமல், விரிசல் நெடுகத் தகடுகள் மோதிப் பேரொலியுடன் வரப்புபோல் எழும்பும்; தடமாகத் தெரிவது இந்த வரப்பே.

1683 முதல் பதிவேட்டைக் காத்துவருவது கரையோரத்து யத்சுருகி ஆலயம். தடம் போன திசையைப் பார்த்து அவ்வாண்டு விளைச்சலுக்குக் குறி சொல்வது வழக்கம். இன்றும் ஜனவரித் தொடக்கம் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை, தலைமைப் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் விடியற்காலையில் கரைக்கு வந்து நீரின் வெப்பநிலையை அளக்கிறார்கள். பனி படர்ந்திருந்தால் கோடரியால் வெட்டியெடுத்துத் தடிமன் பார்க்கிறார்கள்.

வானிலை அறிஞர் அரகாவா 1954-ல் இப்பதிவைப் பற்றி எழுதினார். 2000-ல் ஜான் மாக்னுசன் குழுவினர் வட அரைக்கோள ஏரிகள், ஆறுகளின் பனிப் பதிவுகளைத் தொகுத்தனர். 1846 முதல் 1995 வரையிலான காலத்தில், நூறாண்டுக்குச் சுமார் 5.8 நாள் வீதம் உறைவு தாமதமாகியிருந்தது. 2016-ல் சப்னா சர்மாவும் மாக்னுசனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு சுவாவையே ஊன்றிப் பார்த்தது. முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே ஆண்டுகள். 1955 முதல் 2004 வரை அது 12 ஆண்டுகள். 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் மட்டும் ஐந்து.

பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஆறு நூற்றாண்டில் எழுதிய கைகள் மாறின. எழுதும் முறையும் மாறியது. ஏரியின் ஓரங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன, கரையில் நகரம் வளர்ந்தது, நீர் வெளியேறும் வாயில் மதகு வந்தது. ஆனால் இவற்றை எல்லாம் கழித்தாலும், தொலைதூர ஏரிகளும் அதே பக்கம் சாய்வதற்கு உள்ளூர்க் காரணம் போதாது.

கோடையிலும் சிக்கல் உண்டு. சூடேறிய மேல்நீர் அடிநீரோடு கலக்காமல் மிதக்க, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2016 ஜூலையில் இங்கே வகசாகி மீன்கள் பெருமளவில் செத்து ஒதுங்கின. கழிவுநீரின் சத்துகளால் பல்லாண்டுகள் கெட்டிருந்த ஏரி இது என்பதால், பழி முழுவதையும் வெப்பத்தின் மேல் போடுவது நியாயமல்ல.

தடம் எழாத ஆண்டைப் பதிவேடு 'அகே நோ உமி', அதாவது திறந்த கடல் என்று குறிக்கிறது. கடைசியாக ஒமிவதாரி எழுந்தது 2018-ல். அதன்பின் 2025 வரை ஏழு குளிர்காலங்களும் திறந்த கடல் என்றே பதிவாயின.