விலைக்கு முன்னே விதி: மும்பைச் சந்தையில் ஒழுங்குமுறை வணிகம் உருவான வரலாறு

1865 ஜூலை 1 அன்று பம்பாயில் ஏராளமான வாயிதா ஒப்பந்தங்கள் முதிர்வுக்கு வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விற்றுக் குவிந்த பணமெல்லாம் வங்கிப் பங்குகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளிலும் பாய்ந்திருந்தது. போர் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் வாங்கியவர்களால் பணம் கட்ட முடியவில்லை. 2,850 ரூபாய் வரை ஏறிய பாங்க் ஆஃப் பம்பாய் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. சந்தையையே ஆட்டிவைத்த பிரேம்சந்த் ராய்சந்தும் தப்பவில்லை. இந்த வீழ்ச்சிக்குப் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் கையில் காசில்லாதவர் எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு முன்பணம் கட்ட வேண்டும் என்று வரம்பு கட்ட அன்று யாரும் இல்லை என்பதே முக்கியமான காரணம்.

ஆலமரத்தடியில் கூடிவந்த தரகர்கள் 1875-இல் சங்கம் அமைத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். உறுப்பினர்கள் 318 பேர். யார் தரகராகலாம், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதற்கு விதிகள் பிறந்தன. விலை பிறக்கும் இடத்துக்கு மட்டும் விதி வர நூறாண்டுக்கு மேலாயிற்று. சந்தை இருந்த தலால் தெருவின் வணிக வளையத்தில் தரகர்கள் கூவியும் கைச்சைகை காட்டியும் வியாபாரம் செய்தார்கள். கணக்கைத் தீர்க்காமல் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் 'பத்லா' முறை கடனை வளர்த்துக்கொண்டே போனது. தன் ஆர்டர் எந்த நிமிடத்தில், எந்த விலையில் முடிந்தது என்று வெளியே இருந்த முதலீட்டாளரால் சரிபார்க்க முடியாது. தரகர் சொன்னதுதான் விலை.

அப்படிப்பட்ட சந்தையில் விதிப்படி வணிகம் செய்ய ஒருவர் விரும்பினாலும் முடிந்திருக்காது. 'இந்த விலையைத் தாண்டினால் வாங்கு, இதற்குக் கீழே போனால் விற்று வெளியேறு' என்று எழுதி வைப்பதற்கு, விலை ஐயமில்லாமல் பதிவாக வேண்டும். கடந்த காலத் தரவில் அந்த விதியைச் சோதித்துப் பார்க்கவும் அதே பதிவு வேண்டும். சிகாகோவில் 1983-இல் வணிகர் ரிச்சர்ட் டென்னிஸ், நல்ல வணிகரைப் பயிற்சியால் உருவாக்க முடியும் என்று தன் கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டிடம் வாதிட்டு, 'ஆமைகள்' என்று பெயரிட்ட மாணவர்களுக்கு முழு விதித்தொகுப்பையே கற்பித்தார். 20 நாள் உச்சத்தை விலை உடைத்தால் வாங்குவது, ஏற்ற இறக்கத்தின் அளவைப் பொறுத்து எத்தனை ஒப்பந்தம் என்று தீர்மானிப்பது, நட்டம் குறித்த அளவை எட்டினால் மறுபேச்சின்றி வெளியேறுவது ஆகியவை அதில் அடக்கம். நம்பத்தகுந்த விலைப்பட்டியல் கையில் இருந்ததால்தான் அந்தச் சோதனை சாத்தியமாயிற்று.

மும்பைக்கு அந்த அடித்தளம் ஒரு மோசடிக்குப் பிறகே கிடைத்தது. 1992-இல் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெடித்தது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சட்ட அதிகாரம் பெற்றதும், தேசியப் பங்குச் சந்தை நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1994 நவம்பர் 3 அன்று அந்தச் சந்தை பங்கு வணிகத்தைத் திரையில் தொடங்கியது. சிறந்த விலைக்கு முதலிடம், ஒரே விலையானால் முதலில் வந்த ஆர்டருக்கு முதலிடம். இந்த எளிய விதி ஒரு பெரும் மாற்றம். ஃபோர்ட் அலுவலகங்களில் கணக்கெழுதியும் சுருக்கெழுத்து எடுத்தும் வாழ்ந்த தமிழர்களின் மாதுங்காவில் இருந்து ஆர்டர் கொடுத்தாலும், செம்பூரில் இருந்து கொடுத்தாலும், தலால் தெருவுக்குக் கிடைக்கும் அதே வரிசைதான். 1995-இல் பழைய மும்பைச் சந்தையும் திரைக்கு மாறியது.

அடுத்த சில ஆண்டுகளில் விதிகள் வேகமாக அடுக்கப்பட்டன. 2000 ஜூனில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் வந்தது. தரகர் கேத்தன் பரேக்கின் மோசடி விவகாரத்துக்குப் பின், 2001 ஜூலையில் பத்லா ஒழிந்தது. குறியீடு 10, 15, 20 சதவீதம் நகர்ந்தால் வணிகத்தை நிறுத்தும் தடுப்பும் அப்போதே நடைமுறைக்கு வந்தது. 2012 மார்ச்சில், கணினி நிரலே ஆர்டர் போடும் அல்கோ வணிகத்துக்கு செபி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாகப் போன 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவை, தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியைச் சுமார் 900 புள்ளிகள் சரித்தன. ஆர்டர் வெளியே போகுமுன் அளவைச் சரிபார்க்கும் விதி எவ்வளவு உயிர்நாடியானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்படிச் சந்தை தனக்கு விதி எழுதிக்கொண்டது. வணிகர் தனக்கு எழுதிக்கொண்டாரா? செபியின் 2024 ஜூலை ஆய்வு, ரொக்கச் சந்தையில் ஒரே நாளில் வாங்கி விற்ற தனிநபர்களில் 10-க்கு 7 பேர் 2022-23-இல் நட்டமடைந்ததைக் காட்டியது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் இது 80 சதவீதம். ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மூன்று நிதியாண்டுகளில் (2022-24) தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தொடர்ந்து இரண்டாண்டு நட்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் விளையாட்டை நிறுத்தவே இல்லை. இதுவே மிகவும் கவலை தரும் எண். எங்கே நிறுத்துவது என்ற விதி இல்லாதவரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதம் அல்கோ வழியே வந்தது. வேகம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. முன்கூட்டிச் சோதித்த விதி, தரகும் வரியும் கழித்த கணக்கு, ஒரு வணிகத்தில் எவ்வளவு இழக்கலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றும் இல்லாமல் பொறுப்பான எந்த நிறுவனமும் அல்கோவை ஓடவிடுவதில்லை. சிறு வணிகர் இவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்திலேயே எழுதிக்கொள்ள முடியும், கணினிகூடத் தேவையில்லை.

2025 பிப்ரவரியில் செபி சில்லறை வணிகருக்கும் அல்கோவின் கதவைத் திறந்தது. ஒவ்வொரு அல்கோவுக்கும் அடையாள எண் வேண்டும். தர்க்கத்தை வெளியே காட்டாத அல்கோவை விற்பவர் ஆய்வாளராகப் பதிவு செய்ய வேண்டும். 2024 நவம்பர் முதலே ஒப்பந்த அளவு உயர்த்தப்பட்டு, வாரந்தோறும் முடியும் ஆப்ஷன்களும் சந்தைக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் 2024-25 நிதியாண்டில் தனிநபர்களில் சுமார் 91 சதவீதம் பேர் நட்டமே கண்டார்கள். அவர்களின் நிகர நட்டம் முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் கூடி 1,05,603 கோடி ரூபாயாயிற்று.