பைலா

கல்யாண வீட்டு அறிவிப்பாளர் ஒருவர் 'அடுத்து, மேற்கத்திய பைலா!' என்று முழங்கினார். பாதி சரி. 'பைலார்' என்றால் போர்த்துக்கேயத்தில் ஆடுவது. பிரெஞ்சு பாலேயும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். ஆனால் இலங்கையில் கால்களைத் துள்ளவைக்கும் அந்த ஆறு எண்ணிக்கைத் தாளம் 'கஃப்ரிஞ்ஞா' என்ற ஆட்ட இசை தந்தது. அந்தப் பெயருக்குள் ஆப்பிரிக்கர் இருக்கிறார்கள். 'காஃபிர்' அரபியில் இறைமறுப்பாளன். கிழக்காப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தில் சேராதவர்களுக்கு அதுவே பெயராயிற்று. போர்த்துக்கேயர் அதைக் 'காஃப்ரே' ஆக்கி, அந்த மக்களைப் படையாட்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நம் 'காப்பிரி'யும் 'காப்பிலி'யும் அந்த வழியில் வந்தவைதான். தென்னாப்பிரிக்காவில் இச்சொல்லை ஒருவர்மேல் வீசினால் வழக்கே வரும்; புத்தளம் சிறாம்பியடியிலோ அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அதையே தங்கள் இனப்பெயராகச் சொல்கிறார்கள். அவர்களுடைய 'மாஞ்சா' பாட்டில் போத்தலும் கரண்டியும் சிரட்டையும் தாளம் போடும். வரிகள் கிரியோல் போர்த்துக்கேயம். பொலிஸ்காரர் வொலி பஸ்தியன் இந்தத் தாளத்தில் சிங்களப் பாட்டுக் கட்டினார், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழிலும் அதைப் பரப்பியது. இன்று கிரிக்கெட் மைதானத்தில் பைலா ஒலித்தால், அது இலங்கையின் அடையாளம். அந்தப் பெருமையில் சிறாம்பியடிக்கு யாரும் பங்கு வைப்பதில்லை என்பது என் குறை. பைலாவைத் 'துள்ளிசை' என்று தமிழாக்கலாம், காதுக்கும் இதம்தான். ஆனால் எந்தக் குத்துப்பாட்டுக்கும் அது பொருந்திவிடும். நான் பைலா என்றே எழுதுவேன்.