பல் இல்லாத ஃபோகசர்

வீட்டிலேயே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சனியின் வளையம் தெரிகிறது சார், ஆனால் கூர்மையாக நிற்கமாட்டேன் என்கிறது." உடனே சந்தேகம் ஆடியின் மேல்தான் விழும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர் இருவர், பல வாரம் பாடுபட்டுத் தேய்த்த 6 அங்குல ஆடியை மறுபடியும் தேய்ப்பதற்காகக் கழற்றத் தொடங்கிவிட்டனர். ஆடி குற்றமற்றது. குற்றவாளி, கண்ணருகு வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் சின்னஞ்சிறு அமைப்பு. இதைத்தான் ஃபோகசர் என்கிறோம்.

நியூட்டன் தம் முதல் ஆடித் தொலைநோக்கியை 1668-இல் செய்தார். 1671-இன் இறுதியில் ராயல் சொசைட்டியின் பார்வைக்கு வந்த அவரது இரண்டாவது கருவியில், குழாயின் அடியில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் ஆடிகளுக்கிடையே உள்ள தூரம் மாறி, பிம்பம் தெளியும். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஷார்ட் செய்த கிரிகோரி வகைத் தொலைநோக்கிகளில், குழாயின் வெளிப்புறம் ஓடும் ஒரு நீண்ட திருகுதண்டு சிறிய ஆடியை நகர்த்தியது. நியூட்டன் வகையிலோ கண்ணருகு வில்லை குழாயின் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால், வில்லையையே நகர்த்துவது எளிதாயிற்று. அதற்குப் பற்சட்டமும் பற்சக்கரமும் வந்தன. கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கியில் இந்த ஏற்பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி இல்லாவிட்டால் சக்கரம் சுழலாது. இடைவெளி இருந்தாலோ, திருப்பும் திசையை மாற்றும்போது குமிழ் சுற்றும், குழாய் நகராது. திருகு அளவியில் படித்த பின்னடைவுப் பிழை இதுதான். குழாய் தளர்வாக இருந்தால் பிம்பம் பக்கவாட்டிலும் குதிக்கும்.

இவ்வளவு சிறிய ஆட்டம் ஏன் பொருட்படுத்தப்பட வேண்டும்? குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்தி, ஒளியின் அலைநீளத்தாலும் இரண்டாலும் பெருக்குங்கள். குவியத்திலிருந்து அவ்வளவு தூரம் முன்னோ பின்னோ விலகினால் கால் அலைநீளப் பிழை வந்துவிடும். 6 அங்குல ஆடிக்கு 48 அங்குலக் குவியத் தூரம் என்றால் விகிதம் 8. அப்போது வரம்பு 0.07 மில்லிமீட்டர். விகிதம் 5 ஆனால் வரம்பு 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ரஸ்ஸல் போர்ட்டர் ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி ஆல்பர்ட் இங்கால்ஸ் 1925-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் ஆடி தேய்க்க முனைந்தனர். ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய இரண்டு பித்தளைக் குழாய்களே பலருக்கு ஃபோகசராகப் போதுமானதாக இருந்தது. விகிதம் 8 உள்ள கருவிகளில் பொறுமைசாலிகள் இதைக் கொண்டே சமாளித்தனர். ஆடிக்குத் தந்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தரப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாற்றம் வந்தது லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள கிரேஃபோர்டிலிருந்து. அங்குள்ள வானியல் கழகத்தின் உறுப்பினரான ஜான் வால் பற்களையே நீக்கிவிட்டார். நான்கு சிறிய பால் பேரிங்குகள், இரண்டிரண்டாக, 'V' வடிவில் அமைந்து குழாயை ஒரு பக்கம் தாங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் குழாயின் மேல் ஒரு தட்டையான பட்டை. வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்று அதன்மேல் அழுந்துகிறது. தண்டைச் சுழற்றினால் உராய்வே குழாயை நகர்த்துகிறது.

இயற்பியல் மாணவர் இதை ரசிக்க வேண்டும். ஒரு திண்பொருளுக்கு ஆறு வகை இயக்கம் உண்டல்லவா? நான்கு பேரிங்குகள் நான்கைத் தடுக்கின்றன. அச்சைச் சுற்றி உருள்வதைத் தட்டைப் பட்டையும் தண்டும் தடுக்கின்றன. மீதி இருப்பது நமக்கு வேண்டிய ஒரே இயக்கம், நேராக முன்னும் பின்னும். தண்டு எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் ஆட்டத்திற்கு இடமே இல்லை.

1971 பிப்ரவரியில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் சஞ்சிகையிலும், 1972-இல் 'மாடல் எஞ்சினியர்', 'ஸ்கை அண்டு டெலஸ்கோப்' இதழ்களிலும் இதன் விவரம் வெளிவந்தது. வால் இதற்குப் பேடண்ட் உரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இன்று உலகெங்கும் கடைகளில் கிடைக்கும் 'கிரேஃபோர்டு ஃபோகசர்' அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது, அவர் பெயரையல்ல.

குறை இல்லாமலில்லை. கனமான காமிராவை மாட்டி வானுச்சியை நோக்கினால் உராய்வு போதாமல் குழாய் சறுக்கும். மேலும் 6 மில்லிமீட்டர் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் குழாய் 19 மில்லிமீட்டர் நகரும். ஒரு டிகிரி திரும்பினாலே 0.05 மில்லிமீட்டர்! குறைந்த விகித ஆடிகளுக்கு இது கரடுமுரடான நகர்வு. பத்துச் சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கும் இரண்டாவது குமிழ் பிற்பாடு வந்ததற்கு இதுவே காரணம்.

எங்கள் மாணவர்கள் அலுமினியக் குழாய், நான்கு பேரிங்குகள், எஃகுத் தண்டு ஆகியவற்றைக் கொண்டு ஒன்றைச் செய்து பொருத்தினர். முதல் இரவு நிலாகூடத் தெளியவில்லை. புதிய ஃபோகசர் பழையதைவிட 18 மில்லிமீட்டர் உயரம். முழுக்க உள்ளே தள்ளினாலும் வில்லை குவியத்தை எட்டவில்லை. பழையதை மாற்ற எண்ணுபவர்கள் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். பெரிய ஆடியை அதே அளவு மேலே ஏற்றிய பிறகு, அடுத்த வாரம் சனியின் வளையத்தில் காசினி இடைவெளி கருங்கோடாகத் தெரிந்தது. இருவரும் மாறி மாறி நள்ளிரவுவரை பார்த்தனர்.