ரோட்டில் ஓடிய டிராமும் தூணில் ஓடும் ரயிலும்

மொரப்பூரில் ரயிலேறி சென்னை சென்ட்ரலில் இறங்கும் தர்மபுரிக்காரர், இன்று மெட்ரோவைப் பிடிக்க சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். 1940-களில் அவருடைய தாத்தா வந்திருந்தால்? எதிரே ரோட்டிலேயே ஓடிய டிராமில் ஏறியிருப்பார். படியும் இல்லை, எஸ்கலேட்டரும் இல்லை!

சென்னையில் மின்சார டிராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். லண்டனில்கூட மின்சார டிராம் சேவை 1901-ல்தான் வந்தது. முதலில் மின்சாரம் தரைக்கு அடியில் இருந்த குழாய் வழியாக வந்தது. சென்னை மழை சும்மா விடுமா? தண்ணீர் புகுந்து தொல்லை கொடுக்கவே, மேலே கம்பி கட்டினார்கள்.

ஆனால் மழையைவிடப் பெரிய எதிரி ரோடுதான். மாட்டுவண்டி, ரிக்‌ஷா, பஸ் எல்லாம் ஓடும் அதே ரோட்டில்தான் டிராமும் ஓடியது. முன்னால் ஒரு வண்டி நின்றால் பஸ் ஒதுங்கிப் போய்விடும், தண்டவாளத்தில் ஓடும் டிராம் எங்கே ஒதுங்கும்? பஸ்ஸோடு போட்டி போட முடியாமல் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. 1953 ஏப்ரல் 12 அன்று டிராம் நின்றுபோனது.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்தது பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை நீண்டது. பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே தூண் நட்டதால் நிலம் வாங்கும் செலவு குறைந்தது. சிக்னலும் இல்லை, நெரிசலும் இல்லை. அப்படியும் பல வருஷம் பெட்டிகள் காலியாகத்தான் ஓடின. காரணம் ரயில் அல்ல, நிலையங்கள். பிரம்மாண்டமான கட்டிடம், இருட்டு, ஏகப்பட்ட படிகள், வெளியே வந்தால் இணைப்பு பஸ் கிடையாது. ரயிலில் மிச்சமான பத்து நிமிஷம் படியேறுவதிலேயே போய்விடும்!

2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனால் விலை? முதல் கட்டத்தின் 45 கி.மீ.க்குப் போட்ட மதிப்பீடே 14,600 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் சுரங்கப் பாதை. தண்டவாளத்தை ரோட்டிலிருந்து பிரிக்கக் கொடுக்கும் விலை இது. டிராம் கம்பெனி எதுவும் இதைக் கனவில்கூட நினைத்திருக்க முடியாது.

இரண்டையும் வைத்துக்கொண்ட ஊரும் உண்டு. ஹாங்காங்கில் 1904-ல் தொடங்கிய டிராம் இன்றும் மாடி பஸ் போல ரோட்டில் ஓடுகிறது. அதற்கு அடியிலேயே 1985 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. நாலு தெரு தள்ளிப் போகிறவர் டிராமில் ஏறுகிறார், அவசரமாகத் தூரம் போகிறவர் கீழே இறங்குகிறார்.